பட்டமும் ஊரும்: சேலம், நாமக்கல் சமவெளித் தொழில்களில் பட்டதாரிக்குரிய பணியிடம்

ஆய்வுச் சுருக்கம்

பட்டம் பெற்ற இளைஞர்கள் தம் சொந்த ஊர்களுக்குத் திரும்பிப் பணியாற்ற வேண்டும் என்னும் கருத்து, பெரும்பாலும் அவர்தம் மனப்பாங்கை நோக்கிய அறிவுரையாகவே முன்வைக்கப்படுகிறது. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளிப் பகுதியைக் களமாகக் கொள்ளும் இக்கட்டுரை, அப்பகுதித் தொழில்களின் பணிநிலை அமைப்பில் இச்சிக்கலின் வேரைத் தேடுகிறது. கூலித் தொழிலாளிக்கும் உரிமையாளருக்கும் இடையே படிப்புக்குரிய ஊதியப் பணியிடம் உருவான தொழிலாகக் கோழிப் பண்ணையையும், அவ்விடம் வெற்றிடமாகவே உள்ள தொழிலாகச் சவ்வரிசி உற்பத்தியையும் ஒப்பிட்டு, அரசுத் திட்டங்கள் இவ்வெற்றிடத்தை எந்த அளவு நிரப்புகின்றன என்பதையும், ஊர் திரும்புதல் எல்லாப் பிரிவினருக்கும் ஒரே பொருளுடையதா என்பதையும் விளக்க முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஊர் திரும்புதல், பட்டதாரிகள், சேலம், நாமக்கல், மரவள்ளி, சவ்வரிசி, கோழிப் பண்ணை, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம்.

முன்னுரை

படித்தவர்கள் கிராமத்தில் தங்குவதற்கு வழி என்ன என்னும் வினா விடுதலை இந்தியாவின் முதல் கல்வி வினாக்களுள் ஒன்று. டாக்டர் எஸ். இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49இல் இயங்கிய பல்கலைக்கழகக் கல்வி ஆணையம் கிராமப்புறப் பல்கலைக்கழகங்களைக் குறித்துத் தனியே ஓர் இயல் வகுத்தது. அச்சிந்தனை மரபில் தமிழகத்தில் 1956இல் காந்திகிராமக் கிராமிய நிறுவனம் தோன்றி, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. எனினும் தமிழகத்தின் உயர்கல்வி விரிவு அவ்வழியில் நிகழவில்லை. கலைக் கல்லூரிகளாகவும், 1990களுக்குப் பின் தனியார் பொறியியல் கல்லூரிகளாகவும் அது பரவியது. அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி 2021-22இல் தமிழகத்தின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. நாட்டின் சராசரியோ 28.4 விழுக்காடு. படிப்பு ஊர்தோறும் சென்று சேர்ந்துவிட்டது. படித்தவருக்குரிய பணி அவ்வாறு சென்று சேர்ந்ததா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

இக்கட்டுரை கொள்ளும் களம் ஓமலூர், சங்ககிரி, திருச்செங்கோடு, இராசிபுரம், ஆத்தூர், நாமக்கல், பரமத்திவேலூர் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய சமவெளியாகும். ஒரே மாவட்டமாக இருந்த இப்பகுதியிலிருந்து 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சேலம் மாவட்டத்தில் 34.8 இலட்சம் பேரும், நாமக்கல் மாவட்டத்தில் 17.3 இலட்சம் பேரும் வாழ்ந்தனர். வேலையில்லாத வறண்ட பகுதி என்று இதனைக் கூற இயலாது. வேறு மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் இங்கு வந்து பணிபுரிகின்றனர். தொழில் மிகுந்த ஒரு பகுதியிலிருந்து அப்பகுதியின் பட்டதாரிகள் மட்டும் சென்னைக்கும் பெங்களூருக்கும் செல்வதே இங்குள்ள முரண்.

பட்டமின்றி வளர்ந்த தொழில்கள்

இச்சமவெளியின் பெயர்பெற்ற தொழில்கள் எவையும் கல்லூரியிலிருந்து பிறந்தவை அல்ல. நாமக்கல்லின் லாரிக் கூண்டு கட்டும் பட்டறைகளில் தச்சரும் கொல்லரும் கற்ற தொழிலே மூலதனம். கிளீனராகச் சேர்ந்தவர் ஓட்டுநராகி, தவணைக் கடனில் ஒரு லாரி வாங்கி, பின்னர் சில லாரிகளுக்கு உரிமையாளராதல் என்பது இப்பகுதியில் பலரும் நடந்த பாதை. திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் சென்று துளையிடுகின்றன. அவற்றின் உரிமையாளரில் பலர் நிலத்தை விற்றோ உறவினருடன் பங்கு சேர்ந்தோ தொழிலில் இறங்கியவர்கள். பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளும் குடும்ப உழைப்பிலும் உறவு முறைக் கடனிலும் வளர்ந்தவையே.

சவ்வரிசித் தொழிலின் தோற்றமும் இத்தகையதே. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெளிநாட்டு மாவு வரத்து தடைப்பட்டபோது, சேலத்தைச் சேர்ந்த வணிகர் மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷா என்பவரிடமிருந்து மரவள்ளி மாவு எடுக்கும் நுட்பத்தை அறிந்து 1943இல் உற்பத்தியைத் தொடங்கினார். மீன் வணிகத்தின் வழியாக ஏற்பட்ட அறிமுகம் ஒரு மாவட்டத்தின் பயிர் முறையையே மாற்றியது என்பது வியப்புக்குரியது.

இத்தொழில்களில் பணிநிலைகள் இரண்டே: உழைப்பவர், உரிமையாளர். முன்னவர் பின்னவராவதற்கு வழி இருந்தது. அவ்வழியில் பட்டத்துக்கு வேலை இருக்கவில்லை. கணக்கெழுதுபவர் ஒருவர், தணிக்கையாளர் ஒருவர் தவிர, மூன்றாண்டோ நான்காண்டோ படித்துவிட்டு வந்த ஒருவருக்கு ஊதியம் தந்து அமர்த்தும் இருக்கை அங்கு இல்லை.

வெளியேறுவதற்கான கல்வி

இரண்டாம் தலைமுறை கல்வியில் முதலீடு செய்தது. ஆசிரியர்களும் தொழில்முனைவோரும் பங்குதாரர்களாகச் சேர்ந்து நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களில் நிறுவிய விடுதிப் பள்ளிகள் மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணுக்காக மாநிலம் முழுவதும் அறியப்பட்டன. பதினொன்றாம் வகுப்புப் பாடங்களைத் தவிர்த்து இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே பயிற்றும் வழக்கம் கண்டனத்துக்குள்ளானதும், 2017இல் தரவரிசை அறிவிப்பு கைவிடப்பட்டதும், 2017-18 முதல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்ததும் கல்வி வரலாற்றில் பதிவானவை. அப்பள்ளிகளின் வெற்றி, தம் மாணவரை ஊரைவிட்டு எவ்வளவு தொலைவு அனுப்பின என்பதைக் கொண்டே அளக்கப்பட்டது. ஊரிலேயே தங்கிய முதுகலைப் பட்டதாரிகளுக்குக் கணிசமான பணியிடம் தந்தவையும் அப்பள்ளிகளும் கல்லூரிகளுமே. தங்கியவர்களின் பணி, பிறரை வெளியேற ஆயத்தப்படுத்துவதாக இருந்தது.

பெற்றோர் நோக்கிலும் இதில் தவறு காண இயலாது. கிணறு வற்றும் நிலத்தையோ, நூல் விலையோடு ஏறி இறங்கும் தறியையோ நம்பியவர்க்கு மாத ஊதியம் என்பது பெரும் பாதுகாப்பு. படித்து முடித்து ஊர் திரும்பிய மகனைக் கண்டு, வேலை கிடைக்கவில்லை போலும் என்று ஊர் பேசும். திருமணப் பேச்சிலும் அது எதிரொலிக்கும். ஆகவே ஊர் திரும்புமாறு இளைஞரிடம் மட்டும் அறிவுறுத்துவது பயனளிப்பதில்லை. மதிக்கத்தக்க ஊதியமும் பதவிப் பெயரும் உடைய பணியிடம் ஊரில் இருந்தால் அப்பேச்சு தானே மாறும். இதற்குச் சான்று இதே மாவட்டத்தில் உள்ளது.

கோழிப் பண்ணை: பட்டம் இடம் பெற்ற தொழில்

நாமக்கல்லில் 1985இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானபோது அதன் உறுப்பாயிற்று. தொழில் செறிந்திருந்த இடத்துக்கே கல்லூரி வந்தது என்பதே இதன் சிறப்பு. சில ஆயிரம் கோழிகளைக் கொண்ட பண்ணைகள் இலட்சக்கணக்கில் வளர்ந்தபோது, நோய் என்பது ஒரு பண்ணையை ஒரே வாரத்தில் அழிக்கக்கூடிய இடராயிற்று. வெள்ளைக் கழிச்சல் முதலிய நோய்களுக்கான தடுப்பூசி அட்டவணை, தீவனத்தில் பூஞ்சை நச்சு உள்ளதா என்னும் சோதனை, மக்காச்சோளம், சோயா விலைக்கேற்பத் தீவனக் கலவையை மாற்றியமைத்தல் ஆகியவை அனுபவ அறிவுக்கு அப்பால் சென்றன. வளைகுடா நாடுகளுக்கு முட்டை ஏற்றுமதியான பின் நலச் சான்றிதழும் மருந்து எச்சச் சோதனையும் கட்டாயமாயின.

இவ்வாறு உரிமையாளருக்கும் கூலித் தொழிலாளிக்கும் இடையே பண்ணை மருத்துவர், தீவன ஆலை வேதியியலர், ஆய்வக உதவியாளர், தடுப்பூசி நிறுவனப் பிரதிநிதி, ஏற்றுமதி ஆவண அலுவலர் எனப் பல படிகள் தோன்றின. கல்லூரி வளாகத்திலேயே தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இயங்குகிறது. அங்குள்ள வானிலை ஆலோசனை மையம், வரும் நாள்களின் வெப்பநிலைக்கேற்பப் பண்ணையாளர் செய்ய வேண்டியவற்றைத் தொடர்ந்து அறிவிக்க, நாளிதழ்கள் அதனை வெளியிடுகின்றன. கோடை வெயிலில் கோழிகள் தீவனம் எடுப்பது குறையும் என்பதைப் பண்ணையாளர் அறிவார். எவ்வளவு குறையும், அதற்கு எந்தச் சத்தைக் கூட்ட வேண்டும் என்பதைச் சொல்லப் படித்தவர் தேவை.

இத்தொழிலில் பட்டதாரி இடம் பெற்றது எவருடைய நல்லெண்ணத்தாலும் அன்று. அவர் இல்லாவிடில் ஏற்படும் இழப்பு அவருடைய ஊதியத்தைவிடப் பெரிது என்பதைப் பண்ணையாளர் கணக்கிட்டு அறிந்தனர்.

சவ்வரிசி: நிரப்பப்படாத இடம்

மரவள்ளியின் நிலை வேறு. சேலம் மாவட்டச் சவ்வரிசி, மாவு உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981இல் பதிவு செய்யப்பட்டு, ஆலைகளின் சரக்கை இருப்பு வைத்து ஏலம் விடுகிறது. 2023இல் சேலம் சவ்வரிசி புவிசார் குறியீடும் பெற்றது. இருப்பினும் இத்தொழிலின் நடுப்படிகள் இன்னும் வெற்றிடமாகவே உள்ளன. மூன்று இடங்களில் இவ்வெற்றிடத்தைத் தெளிவாகக் காணலாம்.

முதலாவது எடைமேடை. ஆலைக்கு வரும் கிழங்கின் விலை எடையால் மட்டும் முடிவாவதில்லை. கிழங்கிலுள்ள மாவுச்சத்தின் அளவு ‘பாயிண்ட்’ எனப்படுகிறது. ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு ரூபாய் என்றே டன் விலை பேசப்படும். குறிப்பிட்ட எடையுள்ள கிழங்கு மாதிரியை நீரில் அமிழ்த்தி மீண்டும் எடை பார்த்து, அதன் ஒப்படர்த்தியிலிருந்து மாவுச்சத்தைக் கணிப்பது முறை. மாதிரி எங்கிருந்து எடுக்கப்பட்டது, மண் நன்கு நீக்கப்பட்டதா, தராசு சரிபார்க்கப்பட்டதா என்பவற்றைப் பொறுத்து அளவு மாறும். கணக்குக்காக ஒரு பாயிண்டுக்கு ரூ.400 என வைத்துக்கொண்டால், 28 பாயிண்ட் கிழங்கு டன்னுக்கு ரூ.11,200 பெறும், அதுவே 26 எனக் குறிக்கப்பட்டால் ரூ.10,400. பத்து டன் ஏற்றிய ஒரு லாரியில் உழவருக்கு இழப்பு ரூ.8,000. பாயிண்ட் குறைத்துக் காட்டப்படுகிறது என்னும் உழவர் குறையும், மண்ணோடு கிழங்கு வருகிறது என்னும் ஆலையினர் குறையும் பருவந்தோறும் எழுபவை. இரு தரப்பையும் சாராத அளவையாளர் ஒருவர் இவ்விடத்தில் தேவை. வேதியியல் அல்லது உணவுத் தொழில்நுட்பம் படித்த எவரும் செய்யக்கூடிய பணி இது. இதற்கெனப் பதவி உருவாக்கப்படாததால் வாங்குபவரே அளப்பவராகவும் இருக்கிறார்.

இரண்டாவது ஆலையின் உட்புறம். தோல் நீக்கி, அரைத்து, வடிகட்டி, தொட்டிகளில் தெளியவைத்த மாவைக் குருணையாக உருட்டி, வறுத்து, களத்தில் உலர்த்துவது வரையிலான ஒவ்வொரு படியிலும் நீரின் தூய்மையும் காலமும் நிறத்தை முடிவு செய்கின்றன. வெண்மைக்காக வேதிப்பொருள் சேர்த்தல், மக்காச்சோள மாவு கலத்தல் ஆகியவற்றின் மீது உணவுப் பாதுகாப்புத் துறை பலமுறை நடவடிக்கை எடுத்துள்ளது. வேதிப்பொருளின்றி வெண்மை பெறும் வழி நீர் மேலாண்மையிலும் விரைவான பதப்படுத்தலிலும் உள்ளது. அது தொழில்நுட்பரின் பணி. கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கும் கலன்களைப் பல ஆலைகள் நிறுவியுள்ளன. அவற்றைப் பராமரிப்பதும் பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய பணியே.

மூன்றாவது வயல். 2020இல் கேரளத்தில் முதலில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி விரைவில் சேலம், நாமக்கல் வயல்களில் பேரிழப்பை உண்டாக்கியது. இப்பூச்சி தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. ஆப்பிரிக்காவில் 1980களில் இதே பூச்சியை அடக்கியது, பராகுவேயிலிருந்து கொண்டுவரப்பட்ட அனாகிரஸ் லோபெசி என்னும் சிறு ஒட்டுண்ணிக் குளவியாகும். அப்பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார். பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் அக்குளவியைப் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்துப் பெருக்கியது. 2022 மார்ச் 7 அன்று சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது வெளியிடப்பட்டது.

இந்நிகழ்வு நம் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடையது. குளவியை ஒருமுறை கொண்டுவருவது ஆய்வு நிறுவனத்தின் வேலை. அதனை வட்டாரந்தோறும் வளர்த்து, உரிய நேரத்தில் வயலில் விட்டு, அதன்பின் உழவர் கடும் பூச்சிக்கொல்லி தெளித்துக் குளவியையும் கொன்றுவிடாமல் பார்த்துக்கொள்வது ஊரிலேயே இருப்பவரின் வேலை. வேளாண்மையோ விலங்கியலோ படித்தவருக்கு இது பொருத்தமான தொழில். ஆயினும் இங்கு ஓர் இடர் உண்டு. ஒருவர் விட்ட குளவி பக்கத்து வயலுக்கும் பயன்படுவதால் தனி உழவர் எவரும் இதற்குப் பணம் தர முன்வரார். பூச்சிமருந்துக் கடை இலாபம் ஈட்டுவதும் குளவி வளர்ப்பு இலாபம் ஈட்டாததும் இதனாலேயே. இத்தகைய பணிக்குக் கூட்டுறவுச் சங்கமோ அரசோதான் ஊதியம் தர இயலும்.

திட்டங்கள் தரும் படிகள்

வேளாண் பட்டதாரிகளுக்கென 2002இல் நடுவண் அரசு தொடங்கிய வேளாண் மருத்துவமனை, வேளாண் வணிக மையத் திட்டம் 45 நாள் பயிற்சியும், தனிநபருக்கு ரூ.20 இலட்சம் வரையிலான திட்டத்துக்கு வங்கிக் கடனுடன் 36 விழுக்காடு மானியமும், மகளிர், பட்டியல் பிரிவினர் முதலியோர்க்கு 44 விழுக்காடு மானியமும் அளிக்கிறது. தமிழக அரசின் புதிய தொழில்முனைவோர் மற்றும் தொழில் நிறுவன மேம்பாட்டுத் திட்டம் 2012-13இல் தொடங்கியது. பட்டம், பட்டயம், தொழிற்பயிற்சி பெற்றோர் ரூ.5 கோடி வரை திட்டம் தீட்டலாம். 25 விழுக்காடு மானியமும் 3 விழுக்காடு வட்டிச் சலுகையும் உண்டு.

இவை பயனுள்ளவையே. ஆனால் இவை யாவும் பட்டதாரியை உரிமையாளராக்கும் திட்டங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இருபத்திரண்டு வயதில் ஊர் திரும்பும் எல்லோரும் கடன் ஏற்கும் துணிவோடு வருவதில்லை. தொழில் தெரியாத ஒருவரை முதல் நாளிலேயே முதலாளியாக்க முனைவது, இச்சமவெளியின் தொழில் மரபுக்கே புறம்பானது. இங்கு உரிமையாளரானோர் முதலில் வேறொருவரிடம் வேலை செய்து கற்றவர்கள். பட்டதாரிக்கும் அந்த இடைக்காலம் வேண்டும்.

அவ்விடைக்காலத்தைத் தரக்கூடியதாக இன்று இருப்பது உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் முதன்மைச் செயல் அலுவலர் பதவி. 10,000 நிறுவனங்களை உருவாக்க 2020இல் தொடங்கிய நடுவண் திட்டத்தில், நிறுவனம் ஒன்றுக்கு மூன்றாண்டுகளுக்கு ரூ.18 இலட்சம் வரை நிர்வாக உதவி உண்டு. அதிலிருந்து செயல் அலுவலருக்கு மாதம் ரூ.25,000 வரை ஊதியம் வழங்கலாம். பெருநகர வாடகையும் உணவுச் செலவும் நீங்கினால், வீட்டிலிருந்து பெறும் இத்தொகை குறைவானதன்று. குறை, கால அளவில் உள்ளது. மரவள்ளி முதிரப் பத்து மாதமாகும். மூன்றாண்டில் செயல் அலுவலர் காண்பது மூன்று அறுவடைகள் மட்டுமே. பங்குதாரரைச் சேர்க்க ஓராண்டு, உரிமம் பெறவும் கிடங்கு தேடவும் ஓராண்டு கழிந்தால், வணிகம் தொடங்கும் வேளையில் உதவி நின்றுவிடும். பிறகு வருவாயிலிருந்து ஊதியம் தர இயலாத நிறுவனத்தின் அலுவலர் மீண்டும் பேருந்து ஏறுவார்.

ஜப்பான் 2009இல் தொடங்கிய வட்டார மறுமலர்ச்சி ஒத்துழைப்பாளர் திட்டமும் மூன்றாண்டு எல்லை உடையதே. நகரத்தவரை ஊர்ப்புற உள்ளாட்சிகள் ஊதியம் தந்து அமர்த்துகின்றன. முடிவில் அங்கேயே தொழில் தொடங்குவோர்க்குத் தனி உதவித்தொகை உண்டு. பணிக்காலம் முடித்தோரில் பாதிக்கும் மேற்பட்டோர் அவ்வட்டாரத்திலேயே தங்கினர். ஊதியக் காலத்தின் முடிவும் தொழிலுதவியின் தொடக்கமும் அங்கு இணைக்கப்பட்டுள்ளன. இங்கு செயல் அலுவலர் பதவி ஒரு துறையிடமும், தொழில்முனைவோர் மானியம் வேறொரு துறையிடமும் உள்ளன. மூன்றாண்டு பணிபுரிந்தவருக்கு அம்மானியத்தில் முன்னுரிமை தருவதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை.

சேலத்தை அடுத்த கருப்பூர்ப் பகுதியில் 2024 செப்டம்பரில் திறக்கப்பட்ட மினி டைடல் பூங்கா கணினிப் பட்டதாரிகளுக்கு அருகிலேயே பணி தரும் முயற்சி. இது வரவேற்கத்தக்கது. எனினும் இது பெருநகரப் பணியை அருகே கொணர்வது; ஊரின் தொழிலோடு பட்டத்தை இணைப்பது வேறு பணி.

எவருடைய ஊர்?

ஊர் திரும்புதல் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் திரும்பி வருபவருக்கு நிலமும் வீடும் உறவும் காத்திருப்பதாகக் கருதிக்கொள்கின்றன. இச்சமவெளியில் அது எல்லோர்க்கும் பொருந்தாது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் உரையாற்றிய அம்பேத்கர், கிராமத்தை இந்தியாவின் அடிப்படை அலகாகக் கொள்ளும் கருத்தை வன்மையாக மறுத்ததற்கான காரணங்கள் இன்றும் முற்றாக நீங்கவில்லை. பட்டியல் பிரிவினருக்குள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கும் சட்டம் 2009இல் நடைமுறைக்கு வந்த பின், இம்மாவட்டங்களின் அருந்ததியர் குடும்பங்கள் பலவற்றில் முதல் தலைமுறைப் பொறியாளர்களும் பட்டதாரிகளும் உருவாயினர். அவர்களுக்குப் பட்டம் என்பது ஊரின் சாதிப் படிநிலையிலிருந்து விடுபடும் வழி. நிலமற்ற அவர்களை ஊருக்குத் திரும்பச் சொல்வது, தந்தை கூலிக்குச் சென்ற பண்ணைக்கோ ஆலைக்கோ திரும்பச் சொல்வதாக முடியக்கூடும். 2023இல் அறிவிக்கப்பட்ட அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் பட்டியல் பிரிவினர், பழங்குடியினருக்கு 35 விழுக்காடு மூலதன மானியமும் 6 விழுக்காடு வட்டிச் சலுகையும் தருகிறது. ஆயினும் ஆலைக்கு வேண்டிய நிலத்தை ஊரில் எவர் விற்பார் என்பது மானியத்தால் தீரும் வினா அன்று. தொழிற்பேட்டை மனைகளும், சங்கத்தின் ஆய்வகங்கள் போன்ற பொது நிறுவனப் பணிகளும் இவர்களுக்குக் கூடுதல் பொருளுடையன. எடைமேடையில் பாயிண்ட் அளப்பவர் பொது நிறுவனத்தின் அலுவலராக அமர்ந்தால், அவருடைய சொல்லுக்கு உழவரும் ஆலை உரிமையாளரும் கட்டுப்பட வேண்டியிருக்கும். ஊதியத்தைவிட இவ்வதிகாரம் சிலர்க்கு முதன்மையானதாக இருக்கலாம்.

பெண் பட்டதாரிகளின் நிலை மற்றொரு வகையில் மாறுபடுகிறது. அவர்களில் பலர் ஊரைவிட்டுச் செல்லவே இல்லை. அல்லது திருமணத்தின் வழியாக வேறோர் ஊருக்கு வந்து சேர்ந்தவர்கள். எனவே அவர்களைப் பொறுத்தவரை திரும்பி வரத் தூண்டுதல் என்னும் பேச்சுக்கே இடமில்லை. படிப்பு ஏற்கெனவே ஊரில் இருக்கிறது. பணி மட்டுமே வர வேண்டும். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை என்பதால் பயணச் செலவு ஒரு தடையாக இல்லை. தடையாக இருப்பது கால அட்டவணை. ஆகவே மாவுச்சத்து ஆய்வகமோ, குளவி வளர்ப்பு மையமோ, உற்பத்தியாளர் நிறுவன அலுவலகமோ எங்கு அமைய வேண்டும் என்று முடிவு செய்வோர், ஆத்தூருக்கும் இராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் செல்லும் நகரப் பேருந்து எந்தெந்த ஊர்களைத் தொட்டுச் செல்கிறது, மாலையில் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.